சுளுக்கு எடுப்பவர் வீடு பூட்டியிருந்தது

போன பங்குனியில் என் மகள் தர்ஷினி பிழைப்பாளா என்று தெரியாமல் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கடலில் மூழ்கவில்லை. வண்டியில் அடிபடவில்லை. சொந்தத் தாய்மாமன் அவளுக்கு டெல்லி காட்டினான். அதனால் வந்த வினை.

டெல்லி காட்டுவது என்றால் உங்களுக்கே தெரியும். பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் காதோடு அழுத்திப் பிடித்து, தலையோடு அந்தரத்தில் தூக்குவது. டெல்லி தெரிகிறது என்று அது சொல்லும் வரை இறக்கிவிடுவதில்லை. நம் வீடுகளில் இதைச் செய்யாத மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. எவன் கண்டுபிடித்தானோ.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். என் தம்பி பாபு மணலில் நின்றுகொண்டு சொந்தக்காரப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தான். தர்ஷினி முறை வந்தது.

"இன்னாடி, டெல்லி தெரியுதா?"

"தெரில மாமா."

"தெரிலயா? அப்ப இன்னும் மேல போ."

வெடுக்கென்று உயரத் தூக்கினான். அவள் காலை உதைத்துத் திமிறினாள். ஒரு கத்து கத்தினாள். இறக்கிவிட்ட பிறகும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தம்பியைத் திட்டினேன். "வெளையாட்டுக்குத் தானக்கா" என்றான். விளையாட்டாம்.

மறுநாள் கழுத்து வலி, வலது பக்கம் தலைவலி. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் வலது கண் இமை பாதி இறங்கியிருந்தது. என் நாத்தனார் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். என் வீட்டுக்காரர் எல்லாம் தெரிந்தவர். "சுளுக்கு தான். கழுத்த ஒரு திருப்பு திருப்பினா சரியா பூடும்" என்றார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எல்லோர் கழுத்தும் அவர் கையில் போய் வந்ததுதான். எனக்கும் சரி என்றே பட்டது.

வண்டியில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன். அன்று எனக்குச் செவ்வாய் விரதம். வழி முழுக்க ஒரே வேண்டுதல். முருகா, அந்த ஆள் வீட்டில் இருக்கணும். வேறு எதுவும் வேண்டாம்.

போய் நின்றால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இப்ப தான் கெளம்பிப் போனாரு. மவ வூட்ல காதுகுத்து."

"எப்ப வருவாரு?"

"கறிசோறு துன்னுட்டு வருவாரு. ராவிக்கு வந்தாலும் வருவாரு, நாளிக்கு வந்தாலும் வருவாரு."

எனக்கு வந்த கோபம் அந்த ஆள் மேல் இல்லை, முருகன் மேல். தெருவில் நின்று வாய்விட்டே கேட்டேன். "உன்கிட்ட சொத்தா கேட்டேன்? ஒரு ஆள வூட்ல இருக்க வைக்க முடியல. உனக்கு எதுக்கு வேலு, எதுக்கு மயிலு?"

"சாமிய திட்டிக்கினு நிக்காத. டீ குடிச்சிட்டு வெயிட் பண்லாம், வந்துருவாரு" என்றார் வீட்டுக்காரர்.

பிள்ளை பசி என்றாள். ஒரு பிஸ்கட் கொடுத்தேன். இடது கையில் வாங்கினாள். கீழே விழுந்தது. இன்னொன்று கொடுத்தேன். அதுவும் விழுந்தது. தன் கையையே பார்த்துக்கொண்டு, "அம்மா, கை தூங்குது" என்றாள்.

"வண்டிய எடு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி" என்றேன்.

"சுளுக்கு தாண்டி கைக்கு எறங்கிகீது."

"எடுக்கிறியா, நான் ஆட்டோ புடிக்கவா?"

எடுத்தார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்குப் பக்கவாதம். தலையைப் பிடித்துத் தூக்கியதைச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார்.

"அப்புறம் யாராவது கழுத்த உருவினாங்களா, திருப்பினாங்களா?"

"இல்லம்மா. கூட்டினு போனோம். வூடு பூட்டியிருந்துது."

"திருப்பியிருந்தா இந்தப் பொண்ண நீங்க இங்க கொண்டாந்திருக்க மாட்டீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியெல்லாம் நான் எதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். என் பிள்ளை உயிரை எடுக்க ஆளை வீட்டில் வை என்று கேட்டிருக்கிறேன். முருகன் அந்த ஆளைக் கறிசோறு சாப்பிட அனுப்பிவிட்டான். நான் அவனை நடுத்தெருவில் திட்டினேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றினார்கள். தலையை அசைக்கக் கூடாது. இடது கை துணி மாதிரி கிடந்தது. பாபு வந்து, "நான் வேணும்னா பண்ணேன்?" என்று அழுதான். போடா வெளியே என்றேன். முருகனிடம் மட்டும் பேசினேன். இந்த முறை இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லவில்லை. அவள் கையைக் கொடு, எப்படியாவது கொடு என்றேன்.

ஒரு காலையில் ஊசி போட வந்த நர்ஸம்மாவைத் தர்ஷினி தள்ளிவிட்டாள். இடது கையால். நான் பதறிப்போய் அதட்டினேன். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, "திட்டாதக்கா. தள்ளு கண்ணு, இன்னும் நல்லா தள்ளு" என்றார். நான் வார்டு என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இமை முழுதும் ஏறவில்லை, மருந்தும் பரிசோதனையும் இருக்கிறது. கை நன்றாக வேலை செய்கிறது. பாபு திருப்போரூரில் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்து, "மாமா, டெல்லிய நான் டிவிலயே பாத்துக்குறேன்" என்றாள். அவனோடு நானும் சிரித்தேன், அன்றைக்குத்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் பளிச்சென்றே சொல்கிறேன். பிள்ளையின் தலையைப் பிடித்து யார் தூக்கினாலும் கையைத் தட்டிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாராக இருந்தாலும் தட்டிவிடுங்கள். விசேஷ வீட்டில் நான் இரண்டு பேரோடு சண்டை போட்டாயிற்று, இன்னும் போடுவேன். கழுத்து வலி என்று பிள்ளை சொன்னால் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

முருகனைக் கேளுங்கள். உரிமையோடு கேளுங்கள், கோபம் வந்தால் திட்டுங்கள், அவன் தாங்குவான். நானும் அதைக் கொடு, இதைக் கொடு என்று இன்னமும் நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொடுக்கவில்லை என்றால் மட்டும் உடனே கத்துவதில்லை. வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். பொறுமை எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. அதையும் அவனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.