டெய்லரம்மாவின் பிரேக்

மிதிப்பதற்கு டெய்லரம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல் மெஷினை மிதித்து மிதித்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். சைக்கிளில்தான் ஏறியதில்லை.

அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி என்று நாற்காலியே கதியாகக் கிடந்தார். வாசல் கேட் வரை வருவதற்கே மூக்கால் அழுவார்.

"இப்படியே இருந்தா கால் மடங்காமயே போயிடும். சைக்கிள் ஓட்டுங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆற்றோரமாகப் புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். நடப்பவர்களுக்கு ஒரு பக்கம், சைக்கிளுக்கு ஒரு பக்கம். வாடகைக்குச் சைக்கிளும் கிடைத்தது.

"தனியா எல்லாம் போக மாட்டேன். நீ ஓட்டு, நானும் வரேன்," என்றார். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்கிற தைரியம்.

அவளா விடுவாள்? மறுநாளே அவரை இழுத்துப் போய் ஆற்றோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். விழுந்து எழுந்து பேலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. நிறுத்துவதில்தான் வம்பு. மெஷினை நிறுத்த, வலது பக்கச் சக்கரத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பழகிய கை அது. நிறுத்த நினைத்ததும் ஹாண்டில்பாரை விட்டுவிட்டுக் காற்றில் சக்கரத்தைத் தேடும். அடுத்த நொடி அவள் புல்லில் கிடப்பாள்.

"அங்க என்ன, ஜாக்கெட்டா தைக்கிறே?" என்று முதலில் சிரித்தார். முழங்கையில் ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "போதும், விடு. டாக்டர் சொன்னா சொல்லிட்டுப் போறார்."

"நான் விட்டா நீங்க மறுபடி நாற்காலிக்குத்தானே போவீங்க?" என்றாள். மனிதர் கட்டிலோடு போய்விடுவாரோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம்.

அவர் அவள் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலில் கத்திரிக்கோல் காய்ப்பு. "உன் கைக்கு இன்னொண்ணும் தெரியுமே. பிரேக்கைக் கத்திரின்னு நினைச்சுக்கோ. நான் 'வெட்டு'ன்னு சொன்னா வெட்டிடு."

சொல்ல ஆள் பின்னாலேயே வர வேண்டுமே. புலம்பிக்கொண்டே அவரும் ஒரு சைக்கிளில் ஏறினார்.

திருப்பம் வந்தது. "வெட்டு, வெட்டு," என்று பஸ்காரத் தொண்டையில் அவர் கத்த, அவள் கை கச்சிதமாக மூடியது, சைக்கிள் நின்றது. பக்கத்துப் பாதையில் ஆடி அசைந்து நடந்துகொண்டிருந்த குண்டு மனிதர் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் எடுத்தார் ஓட்டம். பாலம் வந்து சேரும் வரை இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எந்த முழங்கால்?" என்றார்.

இப்போதும் தினமும் போகிறார்கள். பிரேக் பிடிக்க அவள் கை எப்போதோ பழகிவிட்டது. அதை அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும்வரை காத்திருந்துதான் வெட்டுகிறாள்.