ஆலை வாசல் நாய்

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து கணினி விளையாட்டு செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்தில், ஆடுகிறவரையும் அவரை அடிக்க வரும் எதிரிகளையும் சமமாக நிறுத்துவது அவருடைய வேலை. சுலபமாக ஜெயித்தால் ஆடுகிறவர் கொட்டாவி விடுவார். தோற்றுக்கொண்டே இருந்தால் மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டும் நடக்காமல் முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும். நாற்பத்திரண்டு வயது மனிதர் செய்கிற காரியமா இது என்று மாமனார் ஒருமுறை கேட்டார்.  

அவர்கள் செய்துகொண்டிருந்த ஆட்டத்தில் நாயகன் ஒரு தபால்காரன். ஒரே ஒரு கடிதத்தை நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியெல்லாம் திருடர்கள், காட்டு மிருகங்கள், மலை உச்சியில் ஓர் அரக்கன். சண்டை போடப் போடத் தபால்காரன் தேறுவான். தேறத் தேற லெவல் ஒன்று, இரண்டு என்று நாற்பதுவரை ஏறும். புறப்படும் தெருவிலேயே ஆலை வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். தபால்காரனுக்கு முதல் எதிரி வேறு யாராக இருக்க முடியும்?

இங்கேதான் தராசு தன் மூளையைக் கசக்கினார். தபால்காரனுக்கு லெவல் ஏறினால் நாட்டில் உள்ள அத்தனை எதிரிகளுக்கும் கூடவே ஏறட்டும். பெட்டிகளில் கிடைக்கும் வாளும் கவசமும்கூட அவன் லெவலுக்குத் தக்கபடியே இருக்கட்டும். ஒரே வரிச் சூத்திரம். அதை வெள்ளைப் பலகையில் எழுதி, கீழே ‘யாரும் அழிக்க வேண்டாம்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். கையெழுத்து எதற்கு என்று இப்போது கேட்டால் தலையைச் சொறிவார்.

சும்மா சொல்லக் கூடாது, சோதித்தும் பார்த்தார். ஒரு கட்டளை தட்டினால் தபால்காரன் நேராக லெவல் முப்பதுக்குப் போய்விடுவான். அவனை நாயோடு மோதவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். நாற்பது விநாடி, நூலிழையில் வெற்றி. லெவல் ஐந்து என்று தட்டுவார். நாற்பது விநாடி, நூலிழையில் வெற்றி. நாற்பது லெவலுக்கும் நாற்பது வரி, அத்தனையும் பச்சை நிறத்தில். அந்த அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறினார். ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகள் வருடா வருடம் உயரமாகிக்கொண்டே போகின்றன என்பது அவருடைய நெடுநாள் புகார்.

மனைவி அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கே?”

“அதான் விஷயமே,” என்றார் தராசு. அன்றைக்கு அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர். ஆட்டம் வெளிவர இரண்டரை மாதம் இருக்கும்போது, பணிமனையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு வைத்தார்கள். மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டுமானால் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் காலம் முழுக்கப் பயணச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலிதான். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாத மச்சானுக்கு அதை நினைத்தாலே முகம் சுருங்கியது.

பொழுது போகட்டும் என்று தராசு ஒரு மடிக்கணினியில் ஆட்டத்தைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிழை ஏதாவது கண்ணில் பட்டால் சொல் என்றார். அது வெளியே சொன்னது. வீட்டில் ஒருத்தராவது தன் சாமர்த்தியத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பது உள்ளே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறு மதியமும் மச்சானைப் பார்க்கப் போனார். முதல் சில வாரம் “நல்லா இருக்கு மாமா” என்றான். பிறகு “ம்” என்றான். எட்டாவது ஞாயிறு, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு மச்சான் அவருக்காகவே காத்திருந்தான்.

“இப்படி உக்காருங்க மாமா. ஒண்ணு காட்டணும்.”

திரையில் ஆலை வாசல். தபால்காரன் லெவல் முப்பத்தொன்றில், தோளில் தங்க வாளோடு நின்றான்.

“மொத நாள் இந்த நாய் என்னைப் பதினோரு தடவ கடிச்சுக் கொன்னுது. வளர்ந்துட்டு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்னு சொல்லிட்டுப் போனேன். இதுக்காகவே பாதி நாடு திரும்பி வந்திருக்கேன். பாருங்க.”

நாய் பாய்ந்தது. தபால்காரன் வெட்டினான். நாய் கடித்தது. தபால்காரன் மருந்து குடித்தான், வெட்டினான், உருண்டான். கடைசியில் உயிர் ஒரு சொட்டு மிச்சம் இருக்கையில் நாய் விழுந்தது. பழக்கதோஷத்தில் தராசின் கண் கைக்கடிகாரத்துக்குப் போயிருந்தது. நாற்பது விநாடி. அருமை என்று சொல்ல வாயெடுத்தவர், மச்சானின் சிரிப்பில்லாத முகத்தைப் பார்த்ததும் கடிகாரத்தை மறு கையால் மூடினார்.

“ஆறாவது லெவல்லயே மலை ஏறினேன் மாமா,” என்றான் மச்சான். “மூணு நாள் பனியில தட்டுத் தடுமாறி மேல போனா, அந்த அரக்கனும் நம்ம நாய் அளவுக்குத்தான் அடிச்சான். சரி போகட்டும்னு அவன் பெட்டியத் திறந்தேன். தகரக் கத்தி. நேத்து ஒரு தையக்காரர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கறேன், இந்தத் தங்க வாள் கெடக்கு.”

“அது வந்து, உன் லெவலுக்குத் தக்க மாதிரி…”

“மலை உச்சியில தகரம், கட்டிலுக்கு அடியில தங்கம். சந்தையில வெங்காயம் திருடறவன் வைரம் பதிச்ச தலைக்கவசம் போட்டிருக்கான். அதை வித்தா அவன் எதுக்கு மாமா வெங்காயம் திருடணும்?”

தராசு யோசித்துப் பார்த்தார். நாற்பது பச்சை வரிகளில் எதிலும் வெங்காயத்துக்கு விடை இல்லை.

மச்சான் மடிக்கணினியை மெதுவாக மூடினான். “தப்பா நெனைக்காதீங்க. நம்ம வீட்டு வாசல்ல மூணு படி இருக்குல்ல? அஞ்சாவது வாரம் ஒண்ணு ஏறினேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்த வாரம் மூணும் ஏறிட்டேன். படி அப்படியேதான் இருக்கு, அதனாலதான் கால் தேறுதுன்னு எனக்குத் தெரியுது. கால் பேச்சு கேக்காத நாள்ல இந்த ஆட்டத்தத் திறந்து வச்சுப்பேன். இங்கயாவது முன்னேறிக்கிட்டு இருக்கேன்னு ஒரு ஆறுதல். இந்த நாயப் பாத்ததும் அதுவும் போச்சு மாமா.”

தராசுக்கு அவமானமாக இருந்தது. மச்சான் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் உறைத்தது: இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ஒன்றாம் லெவலிலிருந்து இரண்டாம் லெவலுக்கு ஆடிப் போனதில்லை. கட்டளை தட்டியே நாற்பது லெவல் என்கிற நாற்பது வீட்டுக்கும் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த வீட்டுக்கும் நடந்து போகவில்லை. நடந்தவன் ஒருத்தன்தான், அதுவும் கால் ஒடிந்தவன்.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மா முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்திருந்தார். அதில் ‘நாம் எல்லோருமே’ என்ற சொற்கள் நான்கு இடத்தில் வந்தன. முதலாளியம்மா கேட்டுக்கொண்டே வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

“இது உங்க யோசனைதானே?”

“ஆமா மேடம்.”

“கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம். தப்பு என்னோடதுதான்.”

“தேதி மாறாது. இருபது நாள் இருக்கு. முடிச்சுட்டீங்கன்னா புதுசு போகும். இல்லன்னா பழசே போகட்டும்.”

பழசு போனால் ஆலை வாசல் நாய் உலகத்தில் உள்ள எல்லோரையும் காலாகாலத்துக்கும் நாற்பது விநாடி கடிக்கும். தராசு முதல் வேலையாகப் பலகையைத் துடைத்தார். இரண்டு வருடம் காய்ந்த மை போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் பார்த்தார். சூத்திரம் பாதி போயிற்று, கையெழுத்து மட்டும் பளிச்சென்று நின்றது.

எதிரிகளும் பெட்டிகளுமாக முந்நூற்றுப் பதினெட்டு இடம். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே மாறாத ஒரு லெவல் கொடுத்தார். நாய்க்கு இரண்டு, என்றைக்கும் இரண்டு. வெங்காயத் திருடனுக்கு மூன்று, தலையில் கந்தல் தொப்பி. மலையரக்கனுக்கு முப்பத்தைந்து; அவன் பெட்டியில் தங்க வாள், எந்த லெவலில் யார் வந்து திறந்தாலும் தங்க வாள். இந்த முறை கட்டளையைத் தொடவில்லை. ஒன்றாம் லெவலிலிருந்து யோக்கியமாக ஆடினார். நாய் அவரைப் பதினான்கு தடவை கொன்றது. மச்சானுக்குப் பதினொன்றுதான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் துறைமுகத்து எலிகளுக்கு மட்டும் நேரம் போதவில்லை. அவை பழைய சூத்திரத்திலேயே வெளியே போயின. இன்றுவரை அந்த எலிகளைப் பற்றித்தான் அவருக்கு வசவு வருகிறது.

வெளியீட்டுக்கு மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். மச்சான் கைத்தடியோடு நின்றான், சட்டையெல்லாம் வியர்வை.

“அம்பத்தி நாலு,” என்றான். “கால் மணி நேரம் ஆச்சு. அடுத்த மாசம் சோதனை. அதுக்கு முன்னாடி ஒரு பெரிய படியா ஏறிப் பாக்கலாம்னு வந்தேன்.”

அக்கா தண்ணீர் கொண்டுவரப் போகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது ஆட்டத்தில் தன் பழைய தபால்காரனை எடுத்துக்கொண்டு மச்சான் நேராக ஆலை வாசலுக்குப் போனான். நாய் எழுந்து குரைத்தது, பாய்ந்து கணுக்காலைக் கவ்வியது. தபால்காரனின் உயிரில் ஒரு கடுகளவுகூடக் குறையவில்லை. மச்சான் தங்க வாளை ஓங்கினான். ஓங்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு இறக்கினான்.

“போகுது விடுங்க மாமா. இவ்ளோதானா இது?” என்று சொல்லிவிட்டுத் தபால்காரனை நடத்திக்கொண்டு போனான். நாய் நாலடி பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்து, அலுத்துப்போய்த் திரும்பி வாசலில் படுத்தது. தராசு கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். சந்தோஷமாக இருந்தது. வேறென்ன சொல்ல?

மதியம் மச்சானைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். முதல் மாடி போயிற்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். காலடிச் சத்தம் நின்றதைக் கவனித்த மனைவி மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தகடு வச்ச காலோட அவன் ஏறி வந்துட்டான். உங்களுக்கு என்ன, படி இன்னும் உயரமாயிடுச்சா?”

தராசு அண்ணாந்து பார்த்தார். தினமும் பார்க்கிற அதே படிகள்.

“இல்ல. படி அப்படியேதான் இருக்கு,” என்றார். சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் பதினெட்டு பாக்கி இருந்தது.