மாமா போட்ட மூன்று டிரைவர்கள்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை செய்ததை யாரும் மாற்றக் கூடாது. எழுதாத சட்டம் அது. அக்காவுக்குக் கல்யாணமான மறுமாதம் அவர் கூடத்துச் சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார். ஊரெல்லாம் கீழே தட்டினால் விளக்கு எரியும். எங்கள் வீட்டில் மட்டும் மேலே தட்ட வேண்டும். வருகிற விருந்தாளிகளுக்கு அம்மா இன்றும் அதை விளக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவுக்குப் பொம்மிடியில் செல்போன் கடை. கடை என்றால் போன் விற்கிற கடை அல்ல; போனுக்கு உறை விற்பார், கண்ணாடி ஒட்டுவார். ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குமிழி இல்லாமல் கண்ணாடி ஒட்டத் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று எங்கள் சொந்தபந்தத்தில் எப்படியோ முடிவாகிவிட்டது. அந்த முடிவை எடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

நான் நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, பெங்களூரில் கட்டுகிற வீடுகளுக்குச் சமையலறை வரைகிறேன். அலமாரி எங்கே, அடுப்பு எங்கே, தொட்டி எங்கே என்று வரைந்து, போட்டோ எடுத்த மாதிரி ஆக்கித் தர வேண்டும். "ஊரான் வூட்டு அடுப்பங்கரையெல்லாம் வரையற, நம்ம வூட்டு அடுப்பங்கரைக்கு எப்ப வரப்போற?" என்பாள் அம்மா. அந்தப் படங்களுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டும் கம்ப்யூட்டரும் என் சம்பளத்தில் வாங்கியவை. ஆனால் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது மாமா. "வைரஸே வராது பாப்பா" என்றார். வைரஸ் வரவில்லை, உண்மைதான். அவரே வந்துகொண்டிருந்தார். பாஸ்வேர்டாகத் தன் பைக் நம்பரை வைத்திருந்தார். இரண்டு வருடம், என் சொந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க, தினம் காலையில் அவருடைய பைக் நம்பரைத் தட்டினேன்.

கார்டையும் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். ஒரு கார்டுக்கு ஒரு டிரைவர் போதும். மாமாவோ ஏதாவது ஒரு வீடியோ பார்த்துவிட்டு விருந்துக்கு வந்தால் புதிதாக ஒன்றை ஏற்றுவார். பழையதை எடுக்க மாட்டார். "இருக்கட்டும் பாப்பா, ஒன்னு போனா இன்னொன்னு" என்பார், ஸ்டெப்னி டயர் மாதிரி. ஒரே மாட்டுக்கு மூன்று மூக்கணாங்கயிறு போட்டு மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் மாடு என்ன செய்யும்? படுத்துக்கொள்ளும். என் கம்ப்யூட்டர் இரண்டு டிரைவருக்கே இரண்டு முறை அப்படிப் படுத்தது. இரண்டு முறையும் படங்கள் தாமதமாயின. இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பெங்களூர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இனி வருகிற வரனுக்குச் சரி என்று சொல், என்பார். எனக்குப் பயம் வேலையைப் பற்றியது மட்டுமல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, "சிஸ்டம் ஸ்லோவா இருக்குமே" என்றபடி என் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஒரு சமையலறையைக் காட்டியாக வேண்டும். "நல்லாத்தான் ஓடுதுங்க மாமா" என்றேன். "மாப்பிள்ள பாக்கட்டும், நவுரு" என்றார் அப்பா. மூன்றாவது டிரைவர் ஏறியது. திரை கருத்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மாமா அசரவில்லை. "செட்டாகணும்" என்றார். "அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க." சிமென்ட் பூசிய கொத்தனார்கூட ஒரு நாள்தான் காயச் சொல்வார். அக்காவை ஏற்றிக்கொண்டு பைக் கிளம்பியது. அந்த நம்பரைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதை எடுத்துவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாணி வாரிய கையோடு ஓடி வந்தாள். "அவரு போட்டத நீ எடுத்தீன்னா அங்க உங்கக்காதான பேச்சு வாங்குவா? ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இரண்டு வருடமாகக் கட்டுப்பட்டிருந்தேன்.

அக்கா வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு போன் செய்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எங்க வூட்டு டிவி மூனு மாசமா செட்டாயிட்டிருக்குதுடி. நீ எடுத்துப் போடு. மொகத்த அவரு எங்க தூக்கி வெச்சாலும் எனக்கு அதே மொகந்தான்."

அப்பா பால் சொசைட்டிக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தேன். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் படம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். வந்தது. பைக் நம்பரைத் தட்டி உள்ளே போய், எத்தனை டிரைவர் என்று கேட்டேன். இரண்டு என்றது. மூன்றாவது, கார்டு கம்பெனியின் பக்கத்திலிருந்து மாமா நேராக இறக்கி ஏற்றியது; அது பேக்கேஜ் என்கிற, முறையாக ஏற்றிய மென்பொருள்களின் பட்டியலிலேயே இல்லை. ரேஷன் கார்டில் பேர் இல்லாமல் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிற ஆள் மாதிரி. அதற்கென்று தனியாக ஒரு நீக்கும் வழி இருந்தது. போனில் தேடிக் கண்டுபிடித்து முதலில் அதை வெளியேற்றினேன்.

மற்ற இரண்டும் லேசில் போகவில்லை. இது இருந்தால் நான் வர மாட்டேன் என்றது ஒன்று. அது போனால் நானும் போவேன் என்றது இன்னொன்று. கல்யாண வீட்டில் பங்காளிகள் பேசுவதைத்தான் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரி வந்தது: உடைந்த பேக்கேஜ்களை நீ பிடித்து வைத்திருக்கிறாய். நான் எங்கே பிடித்து வைத்தேன்? பார்த்தால், யாரும் அசைக்கக் கூடாதென்று தன் டிரைவருக்கு மாமா ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன்னைத் தானே நம்பாத மனிதரைப் பார்த்திருக்கிறேன். இவர் மற்ற யாரையும் நம்பாதவர். பூட்டைக் கழற்றினேன். இரண்டையும் வேரோடு பிடுங்கினேன். கார்டுக்கு எது பொருந்தும் என்று கம்ப்யூட்டரையே கேட்டு, அது சொன்ன ஒன்றே ஒன்றை இறக்கச் சொன்னேன். நெட்டுக்காகப் போனை ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, சிக்னல் வரும் ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

பாதி இறங்கியிருந்தபோது அப்பா பால் கேனோடு உள்ளே வந்தார்.

"என்ன பண்ற?"

"மாமா போட்டத எடுத்துட்டேன்ப்பா."

அப்பா என்னையும் திரையையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எடுத்தது அவருக்குத் தெரியுமா?" என்றார். ஓடுமா என்று கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

இறங்கி முடிந்து, அணைத்துப் போட்டபோது படம் வந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எழுந்திருப்பதற்கு முன் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுநாள் பத்து மணிக்குச் சமையலறையைக் காட்டினேன். அலமாரிக் கதவின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு மாமா அக்காவோடு வந்தார். ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்து, "நான்தான் சொன்னேன்ல, செட்டாயிருச்சு" என்றார். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நானும் சும்மா இருந்தேன். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்தால் குருவி பெருமைப்படத்தான் செய்யும். ஆனால் குருவி அதோடு நிற்கவில்லை. சாப்பிடும் முன் சின்னதாக ஓர் அப்டேட் என்று நாற்காலியில் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. மாமா பைக் நம்பரைத் தட்டினார். தவறு என்றது. நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, மறுபடி தட்டினார். தவறு. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"பாஸ்வேர்டு என்ன பாப்பா?"

"என்ன வேணும்னு சொல்லுங்க மாமா, நானே போட்டுக்கறேன்."

"அவரு கேக்கறாருல்ல?" என்றார் அப்பா.

"அதாம்ப்பா நானும் கேக்கறேன். என்ன வேணுமாம்?"

மாமா திரையைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாதான் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். இனி எனக்கு அர்ச்சனை என்று நினைத்தேன்.

"அது அவ வேல செய்யற எடம், எந்திரிங்க மாப்பிள்ள" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க, கறி வெந்துருச்சு."