மூலையில் இருந்த சாணிச்சட்டி

எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்து பேரையும் ஆளாக்கியவள். கையெழுத்துப் போடத் தெரியும், ரயில் நிலையப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அதற்குமேல் படிப்பில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுதும்போதே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். அடக்கட்டும். நானும் அந்த வயதில் அப்படித்தான், புளியமரத்தில் ஏதோ ஆடுகிறது என்று யாராவது சொன்னால் நேரே போய்ப் பார்த்து, கிழிந்த வேட்டி என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்பவள். நான் சொல்லப்போவது இருட்டில் நடந்ததில்லை. நல்ல வெயில் நேரத்தில், பதினொரு மணி ரயில் வருவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிய சமயம் அது. திருத்தணியில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஆள் தேடி வந்தார்கள். நாங்கள் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில், முன்னறை, அடுக்களை, உள்ளறை என்று மூன்றே இடமுள்ள மண்தரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன். ரயிலடியில் சோடாக்கடை வைத்திருந்தார். எனக்குத் தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். தாய் இல்லாதவள், பிரசவத்துக்குப் போகத் தாய்வீடும் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரரை நைனா என்போம். ஒருநாள் வந்து, நாளைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது, பிடித்துவிட்டால் நீங்கள் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும், வீட்டைச் சுத்தமாக வை என்று சொன்னார். நிறைமாதக்காரியை வீடு மாற்றக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஊரில் வேறு வீடும் காலியில்லை.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா கேள்விப்பட்டு ஓடி வந்தாள்.

"நீ இன்னாத்துக்குடி பெருக்கிகினு கீற? இருக்கற குப்பையெல்லாம் நடுவூட்டுல கொட்டு. நாலு கருவாட்டக் கட்டித் தொங்க வுடு. வர்றவங்க மூக்கப் புடிச்சிகினு அடுத்த ரயில்லயே போயிடுவாங்க."

பாவா உடனே, "நல்ல யோசனதான்க்கா. நெத்திலியா, வாளையா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் கருவாடும் வாணாம். வூடு போனாலும் போவட்டும். இவ குடியிருந்த லட்சணத்தப் பாருன்னு எவளும் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான், பாவா மறுபேச்சில்லாமல் சுண்ணாம்பு கரைத்தார். சுவரில் பாதி, அவர் முகத்தில் பாதி. "குண்டு போட வர்றவன் இந்த மூஞ்சியப் பாத்தா அப்டியே திரும்பிப் போயிடுவான்" என்று அவரே சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. நம்புங்கள், வீடு கையைவிட்டுப் போகப்போகிற அந்த நாளில்தான் அவ்வளவு சிரித்தோம்.

மறுநாள் விடியும்போதே முன்னறையையும் அடுக்களையையும் சாணியில் கரித்தூள் கலந்து மெழுகி முடித்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தரை மெழுகுகிறவள் உள்மூலையில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசற்படிக்கு வந்து முடிப்பாள். கை போன வழியெல்லாம் பிறை பிறையாகக் கோடு விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்று சொல்லிவிடலாம், கோட்டைப் பார்த்தே இது இன்னார் கை என்றும் சொல்லலாம்.

உள்ளறை மட்டும் பாக்கி. பாவா கடைக்குப் போய்விட்டார். அன்று கிருத்திகை, குப்பம்மா அக்கா முருகனைக் கும்பிட மலையேறியிருந்தாள். சாணிச்சட்டியை உள்ளறை வாசற்படியில் வைத்துவிட்டுக் குனிந்தேன், இடுப்பு மடங்கவில்லை. காலையிலிருந்து பிள்ளை வேறு உதைத்துக்கொண்டே இருந்தது. சற்று உட்கார்ந்து செய்யலாம் என்று அடுக்களைச் சுவரில் சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது.

தூக்கத்தில் சரக், சரக் என்று கை மெழுகும் சத்தம் கேட்டது. குப்பம்மா அக்கா சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன், கண்ணைத் திறக்க மனசில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது. பிள்ளை உதைப்பது நின்று வயிறு அமைதியாகக் கிடந்தது.

ரயில் ஊதியதும் எழுந்தேன். உள்ளறை முழுக்க மெழுகியிருந்தது. ஈரம் மின்னியது. யாருமில்லை. சாணிச்சட்டி மட்டும் எதிர்மூலையில் இருந்தது. பிறைகள் வாசற்படியில் தொடங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அந்த மூலையில் போய் முடிந்திருந்தன. சட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈரம். ஒரு காலடி இல்லை. அந்த அறைக்கு வேறு கதவோ சன்னலோ கிடையாது. இன்னொன்று, பிறைகள் எல்லாம் மறுபக்கம் வளைந்திருந்தன. இடது கைக்காரி மெழுகினால்தான் அப்படி விழும்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா வந்துவிட்டார். கூடவே பட்டணத்துக்காரர், அவர் மனைவி, அவருடைய அம்மா. முன்னறையும் அடுக்களையும் அவர்களுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. உள்ளறை வாசலுக்கு வந்ததும், ஈரம்தான், பரவாயில்லை, மிதித்துப் போங்கள் என்று நைனா சொன்னார். மகன் காலைத் தூக்கினார். அந்த அம்மாள் கையை நீட்டி மறித்தாள். தரையை வெகுநேரம் பார்த்தாள்.

"யார்ம்மா மெழுகினது?"

"நான்தாங்க" என்றேன். என் ஆயுசில் வெட்கப்பட்டுச் சொன்ன ஒரே பொய் அது.

"அப்ப நீ எப்டி வெளிய வந்த?"

அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தாள், அப்புறம் மூலையைப் பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை, எதிர்வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் லேசாகச் சிரித்தாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"இந்த வூடு வாணாம்டா. ஆளு உள்ள இருக்காங்க."

மகனும் நைனாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் படியிறங்கிவிட்டாள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, நல்லபடியாகப் பெற்றெடு என்றாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது பாருங்கள், நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

குப்பம்மா அக்கா அதற்கப்புறம்தான் நெற்றி நிறைய விபூதியோடு மலையிலிருந்து வந்தாள். அவள் மெழுகவில்லை. உன் அம்மா வந்திருப்பாள் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். என் அம்மா வலது கைக்காரி. எங்கள் இரண்டு வீட்டிலும் இடது கைக்காரர் யாருமே இல்லை.

நைனா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ வேறு யாரையும் கூட்டிவரவில்லை. பத்தாம் நாள் அதே உள்ளறையில் வள்ளி பிறந்தாள். தெரு முழுக்கப் பாவா சும்மாவே சோடா உடைத்துக் கொடுத்தார், முதல் சோடா நைனாவுக்குத்தான். அந்த வீட்டிலேயே பதினொரு வருசம் இருந்தோம்.

வள்ளிக்கு எட்டு வயதானபோது முதல்முறையாக அவளை உள்ளறையை மெழுகச் சொன்னேன். நான் அடுக்களையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.

"அம்மா, நான் எப்டிம்மா வெளிய வர்றது?"

போய்ப் பார்த்தேன். எதிர்மூலையில் சட்டியோடு நின்றாள். சாணி இடது கையில் இருந்தது. பிறைகள் மறுபக்கம் வளைந்திருந்தன. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. தாண்டி வா என்றேன். வந்தாள், ஈரத்தில் ஐந்து காலடி விழுந்தது. இன்றைக்கும் என் மனசு அந்தக் காலடிகளைத்தான் எண்ணுகிறது. அன்றைக்கு ஒன்றுகூட விழவில்லையே.

எங்கே, முதலிலிருந்து படித்துக் காட்டு கண்ணு. சத்தமாகப் படி, அடுக்களையில் இருக்கும் உன் அம்மா வள்ளிக்கும் கேட்கட்டும். நான் இதுவரைக்கும் அவளிடம் சொன்னதில்லை.