சத்தம் கேட்க வந்தவர்கள்

தையல் மிஷினில் ஊசி உடைந்து தட்டுவது போன்ற ஒரு சத்தம். மெலிதாக, விடாமல், 'டிக் டிக் டிக்' என்று. எங்கள் குட்டி டிராக்டரின் இன்ஜினிலிருந்து அது திடீரென்று கிளம்பியபோது, கொடியில் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த பயம் முற்றத்தில் நின்ற ஆண்களில் ஒருவர் முகத்திலும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

ஃபிஜியில் ராணுவம் முதல்முறையாக ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. 'இந்த மண்ணை ஆக்கினதே நம்ம ஆளுங்க' என்று அதுவரை மார்தட்டிய எங்கள் ஊரான தவுவாவின் பெருந்தலைகள், ஒரு ராணுவ லாரி கடைத்தெருவைத் தாண்டிப் போனதும் கனடாவில் வான்கூவரின் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக மார்தட்டியவர் என் பெரியப்பா. எல்லாருக்கும் முன்னால் விசா வாங்கியவரும் அவர்தான். பயந்து போனவர்களை நான் குறை சொல்லவில்லை, பயம் எங்கள் வீட்டிலும்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு வீரம் என்று பெயர் வைத்துக்கொண்டு போனார்களே, அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கரும்பு நிலத்தின் குத்தகை பெரியப்பா பெயரில் இருந்தது. அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார். உழவு மாடுகளையும் விற்றாயிற்று. தம்பி குடும்பமான எங்களுக்கு மிஞ்சியது வீட்டைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டமும், அதை உழ அந்தக் குட்டி டிராக்டரும்தான். இனி அம்மா கத்திரிக்காயும் வெண்டைக்காயும் மார்க்கெட்டில் விற்றுத்தான் நாங்கள் சாப்பிட வேண்டும். அப்பாவை நம்ப முடியாது; அண்ணன் சொல்லாமல் அவர் தும்மக்கூட மாட்டார்.

டிராக்டர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பக்கத்துத் தங்கச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம் வீட்டுப் புல்வெளிக்கு வைத்திருந்து, ஊர் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன பழைய சிவப்பு வண்டி. தண்ணீர் ஊற்ற வேண்டாத, விசிறிக் காற்றிலேயே சூடு தணிகிற ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்; விசிறியின் வலைமூடி எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. இதைத் தம்பிக்கு விட்டுப் போவதாகப் பெரியப்பா ஊரையே கூட்டி அறிவித்தார். வண்டியைக் கழுவி, குங்குமம் இட்டு, சூடம் காட்டி, ராஜ்யத்தைத் தானம் கொடுப்பவர் போல அதன்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். வழியனுப்ப வந்தவர்கள் தமக்குப் போட்ட, ஜிகினா வைத்துக் கம்பியில் கட்டிய சாமந்தி மாலையைக் கழற்றி இன்ஜின் மேல் சாத்தினார். அப்பா வண்டியைக் கிளப்பித் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பியபோது மாலையைக் காணோம், வழியில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சத்தம் மட்டும் கூட வந்திருந்தது.

நங்கோனா வேர்த்தூளைக் கரைத்துக் குடிக்கிற 'கிராக்' இல்லாமல் எங்கள் ஆண்களுக்கு எதையும் தீர்மானிக்க வராது. பாய் விரித்தாயிற்று, பாத்திரம் வந்தது. ஒருவர் வழக்கப்படி கைதட்டிச் சிரட்டையைக் காலி செய்துவிட்டு 'வால்வு' என்றார். அடுத்தவர் 'ராடு' என்றார். வாழ்நாளில் ஒரு போல்ட்டைக்கூடத் திருகியிராத இன்னொருவர், கண்ணை மூடித் தலையை ஆட்டி, 'இஞ்சின் கலாஸ்', கதை முடிந்தது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். சாலையில் போனவர்களையெல்லாம் பெரியப்பா கூப்பிட்டார். வந்தவர் ஒவ்வொருவரும் சத்தத்தைக் கேட்க வேண்டுமல்லவா? நிறுத்தினால் அப்புறம் அது கேட்காமல் போய்விடுமோ என்ற கவலையில் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில், உச்சி வெயிலில், அது ஓடிக்கொண்டே இருந்தது.

கணவனின் அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அம்மா பெரியப்பாவிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. அவர்களுக்காகப் பஜியா பொரித்துக்கொண்டே என்னைத் தூது விட்டாள்.

"அத்த நிறுத்திட்டுப் பேசச் சொல்லுடி. கொதிக்குது பாரு, நாத்தம் இங்க வரைக்கும் வருது."

நான் போய்ச் சொன்னேன். பெரியப்பா சிரட்டையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு இஞ்சினப் பத்தி இன்னா தெரியும்? போ, பஜியா எடுத்துனு வா."

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

"உங்கம்மா எப்போ மெக்கானிக் ஆனா?"

பாயில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் சிரிப்புத்தான் எனக்கு உறைத்தது.

நான் திரும்பி வந்து சொன்னதும் அம்மா சட்டியை இறக்கி வைத்தாள். புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆண்கள் நடுவே நேராக வண்டியை நோக்கி நடந்தாள். பெரியப்பா மரியாதைக்காக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மரியாதையெல்லாம் அவருக்கு அந்த மாதிரி நேரத்தில்தான் ஞாபகம் வரும். அம்மா சாவிக்குக் கை நீட்டும் முன்பே இன்ஜின் கிறீச்சிட்டு, ஒரு உதறு உதறி நின்றுவிட்டது.

"பாத்தியா, சத்தம் தானா நின்னு போச்சு" என்றார் பாயில் ஒருவர்.

அந்த வாரமே பெரியப்பாவை வழியனுப்ப ஒரு பஸ் நிறைய ஆட்கள் நாண்டி விமான நிலையத்துக்குப் போய், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்கள். அம்மா போகவில்லை. திரும்பி வந்த அப்பா, பஸ் புழுதி படிந்த சட்டையோடு, இன்ஜினின் தகர உறையைக் கழற்றினார். பக்கத்தில் நானும் அம்மாவும் நின்றோம். உள்ளே விசிறியைச் சுற்றிச் சாமந்தியும் ஜிகினாவும் கருகி அப்பிக் கிடந்தன. மாலை கட்டிய மெல்லிய கம்பியின் முனை விசிறித் தகட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கம்பிதான் 'டிக் டிக்'. அந்தப் பூதான் காற்றை அடைத்தது. அப்போதே நிறுத்திப் பார்த்திருந்தால் கையால் பிடுங்கி எறிந்திருக்கலாம். இப்போது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அப்பா அடுத்த கிராக் கூட்டத்தில், "ராடு போச்சு, யாரு இன்னா செய்ய முடியும்?" என்று சொன்னதை நானே கேட்டேன். அதன் பிறகு எத்தனையோ வருஷம் அதையே சொன்னார்.

பல வருஷம் கழித்து மறுபடியும் ஆட்சி கவிழ்ந்த பிறகு நாங்களும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்துவிட்டோம். வீட்டு மனையின் குத்தகையும் முடிந்து தோட்டம் கைவிட்டுப் போய்விட்டது. வீடு இருந்த இடத்தில் ஆள் உயரப் புல் நிற்பதாகச் சொல்கிறார்கள். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த நிபுணர்களில் ஒருவர்கூட இப்போது தவுவாவில் இல்லை. போகட்டும், ஊருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

போன மாதம் என் மகன் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஆளுக்கொரு போன் வாங்கித் தந்தான், விரலை வைத்தால் திறக்கிற வகை. அம்மாவின் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. துடைத்து வைத்தான், மற்ற விரல்களை வைத்தான், மறு கையையும் வைத்துப் பார்த்தான். அத்தனை வருஷம் மண்வெட்டிக் காம்பு பிடித்த அந்தக் கைகளில் ரேகை என்று ஒன்று மிஞ்சவில்லை. "வுடுடா, எனக்கு யாரு போன் பண்ணப் போறா" என்றாள் அம்மா.

அப்பாவின் விரல் பட்டதும் அவர் போன் திறந்துகொண்டது. அதற்கும் அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.