ஞாயிற்றுக்கிழமை மழை

எட்டு இருபத்தைந்துக்கே பொன்னுமணி ஆபீசின் பின்பக்கம் வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மழைமானியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவாள். எட்டரை ஆகாமல் தொடமாட்டாள். அதுவரை கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, வானத்தை ஒரு பார்வை. எட்டரையானதும் மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கோட்டுக்கு நேராக இறக்குவாள். சொட்டுக்கூட விழாத நாளிலும் காலிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, "சைபர்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் நோட்டில் எழுதுவாள்.

போடியில் இப்போது அவளிடம் "நேத்து நல்ல மழை" என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் நகர முடியாது. "நல்ல மழைன்னா எத்தன மில்லி?" என்று நிறுத்திவிடுவாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை மொக்கையன் அரை கிளாஸ் டீயை நீட்டி, "இந்தா தாயி, நாப்பது மில்லி" என்பார். அவளும் கிளாஸை உயர்த்திப் பார்த்து, "நொரைய கழிச்சா இருபத்தஞ்சுதான்ணே வரும்" என்று சிரிக்காமல் சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "மழைக்காரி" என்ற பெயர் நின்றுவிட்டது.

மதுரையில் புவியியலில் எம்.ஏ. முடித்த கையோடு, இந்த 1986 ஜூலையில் அவளுக்கு இந்தச் சோலி கிடைத்தது. எங்கோ கடல் கடந்த ஊரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சர்வதேச அமைப்பு, மலைச் சரிவுகளில் மழையை அளந்து, மண் சரியுமுன் ஜனங்களை எச்சரிக்க ஒரு சோதனைத் திட்டம் போட்டிருக்கிறது. அதில் ஆறு மாதப் பயிற்சி. அவர்கள் கொடுத்த அடையாள அட்டையில் அவள் படமும் இங்கிலீஷில் நாலு வரியும் இருக்கின்றன. அம்மா ஒச்சம்மாள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்தே மேல்தாள் பிரிந்துவிட்டது.

ஒச்சம்மாளுக்கு மேலே ஏலக்காட்டில் வேலை. திங்கள் விடியுமுன் போடியில் ஜீப் ஏறினால், சனிக்கிழமை சாயங்காலம்தான் இறக்கம். கை கால் விளங்காமல் கிடக்கும் புருஷன் பெரியகருப்பனை மற்ற நாட்களில் அவர் தங்கை வேலுத்தாய் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஒச்சம்மாள் வந்து அவரைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, ரேஷன் வாங்கிப் போட்டுவிட்டுப் போவாள். ஆக, பொன்னுமணிக்கு நாலு வயதிலிருந்தே அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கிழமைகளை எங்கிருந்து சொல்லச் சொன்னாலும் அவள் திங்களில் ஆரம்பித்து ஞாயிற்றில் கொண்டுபோய் முடிப்பாள். அடி வாங்கியும் மாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வந்தது வினை.

ஒச்சம்மாள் வேலை பார்க்கும் எஸ்டேட்டிலும் ஒரு மழைமானி உண்டு. அதைப் படித்து போனில் சொல்லும் பொறுப்பு கங்காணி ஜக்கையனுக்கு. இரண்டு மாதக் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போனதும் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மழையே பெய்வதில்லையே, காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். பொன்னுமணி ஜீப் ஏறிப் போய் ஜக்கையனைக் கேட்டாள்.

"லீவு நாள்ல யாரு தாயி எழுதுவா? எல்லாரும் போடிக்கு எறங்கிருவோம். ஆளே இல்லாத மலையில பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன? சைபர்னு போட்டுக்கிருவேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம மழ?"

"அது திங்கக்கெழம பாட்டில்ல கெடக்கும்ல. எங்க போகப்போகுது?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கள் விடியற்காலையில்தான் நூறு ஜீப்புக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன, ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது பேர். ஞாயிறு பெய்த மழைதான் அவர்கள் தலைக்கு மேல் ஊறி நிற்கும் மண். வாரத்தில் ஆறு நாளை விட்டாலும் விடலாம், அந்த ஒரு நாளை விடக்கூடாது. இதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தவள் பொன்னுமணியேதான். திட்ட அதிகாரி காசிராஜன் படித்துவிட்டு மெச்சினார். "அப்ப ஞாயித்துக்கெழம மேல யாரு இருக்கறது?" என்றும் கேட்டார். ஆபீசில் இருந்தது இரண்டே பேர். அவருக்கு வயது ஐம்பத்தாறு.

அதிலிருந்து சனிக்கிழமை மாலை அவள் ஏறுவாள், அம்மா இறங்குவாள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். எங்காவது ஒரு வளைவில் இரண்டு ஜீப்பும் உரசிக்கொண்டு கடக்கிற அந்த அரை நிமிடம்தான் தாய்க்கும் மகளுக்கும். "சாப்ட்டியா?" என்பாள் அம்மா. "அப்பாவுக்கு மாத்திர அலமாரி மேல இருக்கு" என்பாள் மகள். ஒருமுறை ஒச்சம்மாள் எட்டி மகளின் கையைப் பிடித்துவிட்டாள். டிரைவர் திருப்பதி அதைப் பார்க்காமல் வண்டியை எடுத்து, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

எஸ்டேட் லயத்தில் அம்மாவின் அறையில், அம்மாவின் பாயில் அவள் படுப்பாள். அதே ராத்திரி போடியில் அவள் பாயில் அம்மா. தலையணையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைவாசம் இருக்கும். மண் சரிந்தால் காப்பாற்றத்தானே இவ்வளவும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்ப்பாள். மனசு கேட்காது. அம்மாவோடு ஒரே அடுப்பங்கரையில் நின்று, ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டு ஒரு ஞாயிறு கழியாதா என்று இருபத்துமூன்று வயதில் நாலு வயதுப் பிள்ளைபோல ஏங்கிக் கிடந்தாள்.

நவம்பரில் காசிராஜனுக்கே மனசு கேட்கவில்லை. "இந்த ஞாயிறு வீட்ல இரும்மா. ஜக்கையனை அங்க தங்கச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு சோலியாக மதுரைக்குப் போனார். சனிக்கிழமை மத்தியானமே பொன்னுமணி அயிரை மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு வந்தாள். வீட்டில் வேலுத்தாய் மசாலா அரைத்தாள். மலைப்பக்கம் மட்டும் கருத்துக்கொண்டே வந்தது.

மூன்று மணிக்கு ஜக்கையனிடமிருந்து போன். "தாயி, காலையிலருந்து நாலு கிளாசு நெறைய எடுத்துட்டேன். அதுக்கு மேல ரெண்டு."

ஒரு கிளாசு இருபது மில்லி. ஆக எண்பத்திரண்டு. எழுபதைத் தாண்டினால் யாரையும் கேட்க வேண்டாம், ரோட்டை அடைக்கச் சொல்லிவிடு என்பது உத்தரவு. எஸ்டேட் ஜீப் நாலு மணிக்குக் கிளம்பும், ஐந்தரைக்குள் அம்மா வீட்டில் இருப்பாள். போனை ஐந்தரைக்குச் செய்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இதை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தாள். ஆனால் அந்த ஜீப்பில் அம்மாவும்தானே இருப்பாள் என்று தோன்றிய நொடியில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு செக்போஸ்ட் நம்பரைக் கேட்டுவிட்டாள். மூன்று பத்துக்கு மேலே போடிமெட்டிலும் கீழே முந்தலிலும் ரோட்டின் குறுக்கே கம்பு இறங்கியது.

"பெத்தவ வர்ற பாதைய நீயே அடைச்சுட்டு வந்து நிக்கிறியேடி!" என்று வேலுத்தாய் அம்மிக்கல்லை விட்டு எழுந்து கத்தினாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மீன் குழம்பை மூன்று பேரும் தொடவில்லை.

மலை சரியவில்லை. ஒரு கல்கூட உருளவில்லை. ஞாயிறு காலையில் முந்தலில் காத்துக் கிடந்த லோடு லாரிக்காரர்கள் மழைக்காரியை வைத வசவு ஆபீஸ்வரை வந்தது. அவள் காதில் வாங்கிக்கொண்டு, எட்டரைக்குப் பின்பக்கம் போய் தன் பாட்டிலைப் படித்தாள். பிறகு எஸ்டேட்டுக்கு டிரங்க் கால் போட்டாள். மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

"அலோ, ஆபீசுங்களா?" என்று பயந்த குரல் ஒன்று கேட்டது. ஜக்கையன் இல்லை.

"ஆத்தா?"

"நாந்தேன். கங்காணிகிட்ட நான் பாத்துச் சொல்றேன்னு கேட்டு வாங்கிட்டேன். செருப்பக் கழட்டிட்டுத்தேன் எடுத்தேன். பஸ்சு நம்பரு படிக்கிறவளுக்கு இது தெரியாதா? ஒரு கிளாசு நெறைய. அப்பறம் பதினாறு."

பொன்னுமணி நோட்டில் முப்பத்தாறு என்று எழுதினாள். மழை அடங்குகிறது, மத்தியானத்துக்குள் ரோட்டைத் திறந்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு இறங்கினாலும் விடியுமுன் ஏறியாக வேண்டுமே என்று அம்மா மேலேயே இருந்துவிடுவாள். இந்த ஞாயிறும் போயிற்று.

"சரியாத்தான எடுத்திருக்கேன்?" என்றாள் ஒச்சம்மாள். "துட்டு ஏறும்ல. வச்சிரட்டுமா?"

பொன்னுமணி பேனாவை மூடிக் கீழே வைத்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரியா கேக்கல ஆத்தா," என்றாள். "மொதல்லருந்து சொல்லு."