தொட்டி ஓரத்து டப்பா

என் தங்கச்சி புருஷனுக்கு முலாம் பட்டறையில் வேலை. சைக்கிள் ஹேண்டில், குழாய், கதவுப் பிடி எல்லாம் மங்கலாக உள்ளே போய், முகம் பார்க்கிற மாதிரி வெளியே வரும். தெருவில் அவருக்குப் பேரே 'பளபளா'தான். அவர் சட்டையில் மட்டும் மஞ்சள் கறையும் பொத்தலுமாக இருக்கும்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும், அவருடைய அம்மா கண்டுபிடித்த காரணம் என் தங்கச்சி போடும் மிளகாய். "காரத்தை அள்ளிக் கொட்டினா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சியே அதை நம்பிவிட்டதுதான் கொடுமை. "நான்தான் அவரை இப்படிப் பண்ணிட்டேன், அண்ணா" என்று அழுதாள்.

அதனால்தான் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். காரத்தால் இல்லை என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரம்மா மிளகாய்ப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையைப் பற்றிக் கேட்டார். மதியம் எங்கே சாப்பிடுவீர்கள் என்றார்.

"தொட்டி பக்கத்துலதான்," என்றார் மாப்பிள்ளை. "முலாம் தண்ணி எப்பவும் சூடா இருக்கும். விளிம்புல சோத்து டப்பாவை வச்சுட்டா மதியம் வரைக்கும் ஆறாது. மூடியை மட்டும் லேசா நகர்த்தி வைக்கணும், இல்லன்னா உள்ள வேர்த்துடும். எல்லாரும் அப்படித்தான் வைப்போம்." ஏதோ பெரிய சாமர்த்தியம் போலச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தத் தொட்டித் தண்ணியோட ஆவி வருஷக்கணக்கா மூச்சுலயும் சோத்துலயும் உள்ள போனா, வயித்துல புற்று வர்ற ஆபத்து கூடும். காரத்தை விட அதைத்தான் நான் சந்தேகப்படுவேன்."

எனக்குப் பாரம் இறங்கியது. திரும்பித் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் முகத்தில் உயிரே இல்லை. ஆறின சோறு சாப்பிடாதீங்க என்று கல்யாணமான நாளிலிருந்து அவரை நச்சரித்தவள் அவள். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே "சூடா இருந்துச்சா?" என்று கேட்பாள். "இருந்துச்சு" என்பார். எப்படி என்று அவள் கேட்டதில்லை.

மாப்பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. அவள் கையைத் தட்டி, "காரம் இல்லையாம், கேட்டியா? இனிமே நல்லா உறைப்பாவே போடு," என்றார்.

மறுநாளே நான் பட்டறைக்குப் போய்க் கத்து கத்தென்று கத்தினேன். டப்பாக்கள் வெளித் திண்டுக்குப் போயின. மாப்பிள்ளைதான் திரும்ப வேலைக்குப் போகவில்லை.

அவர் கண்ணை மூடிய அன்று வீடு நிறைய ஆட்கள். அவருடைய அம்மா அழுகையோடு மறுபடி மிளகாயை ஆரம்பித்தார். பெற்ற வயிறு, பாவம்தான். ஆனாலும் பொறுக்க முடியாமல், டாக்டர் சொன்னதைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லாதண்ணா. அவங்க காரம்னே நினைச்சுக்கட்டும்."

"எதுக்கும்மா இந்தப் பழியைச் சுமக்கிற?"

"காரம் அவரு கேட்டு நான் போட்டது. சூடு நான் கேட்டு அவரு பண்ணிக்கிட்டது."